அரசனின் அங்கியும் தோழர் என்ற சொல்லும்

தன்பாலீர்ப்பு மேற்கிலிருந்து வந்த வியாதி என்று சொல்கிறவர்களுக்குப் பதிலாகச் சீன மரபிலிருந்து இரண்டு கதைகள் எடுத்து வைக்கப்படுவதுண்டு. ஹான் பேரரசன் ஆய், தன் அங்கியின் கைத்துணிமேல் தூங்கிப்போன டோங் ஷியானை எழுப்ப மனமில்லாமல் துணியை வெட்டிவிட்டு எழுந்தான் என்பது ஒன்று. மி ஷியா தான் கடித்து ருசி கண்ட பீச் பழத்தின் மிச்சத்தை வெய் நாட்டுக் கோமகனுக்குக் கொடுத்தான் என்பது இன்னொன்று. ஆண்கள் இருவரின் காதலுக்கு இவை இடக்கரடக்கலாக நிலைத்துவிட்டன. பூர்விகம் தேடும் கவிதைக்குச் சுலபமாகக் கைக்கெட்டும் படிமங்கள்.

ஆனால் கதையை முழுசாகப் படிக்க வேண்டும். மி ஷியாவின் அழகு வாடியதும் அதே பழம் குற்றமாகிவிடுகிறது. எச்சிலைத் தின்னக் கொடுத்தவன் என்கிறான் கோமகன். ஆள்கிறவனின் மனம் எப்படி மாறும் என்று எச்சரிக்கத்தான் ஹான் ஃபெய் இதைச் சொன்னார். டோங் ஷியானோ, கி.மு. 1இல் பேரரசன் செத்ததும் பதவி பறிபோய்த் தற்கொலை செய்துகொண்டவன். மரபில் இடம் இருந்தது, சரி. யார் தயவில் இருந்தது? பெண்ணை நேசித்த பெண்ணுக்கு அந்த அரண்மனையில் என்ன கதை?

ஹாங்காங்கில் பிறந்த மேரி ஜீன் சானின் 'ஃப்ளெஷ்' (2019) தொகுப்பு முக்கியமாவது இந்த இடத்தில்தான். தலைப்பு, வாள்வீச்சில் பாய்ந்து தாக்கும் முறையின் பிரெஞ்சுப் பெயர். காதில் விழும்போது சதை என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் கூடவே கேட்கிறது. இங்கே மரபு என்பது அரசனல்ல, அம்மா. கலாச்சாரப் புரட்சியைக் கடந்து வந்த அம்மா. அவருடைய பயமும் பாசமும் மகளின் ஆசைமீது ஒருசேர விழுகின்றன. மகள் தடுக்கிறாள், திருப்பித் தாக்குகிறாள், நெருங்குகிறாள். தொகுப்பின் பகுதிகளுக்கும் வாள்வீச்சுச் சொற்களே தலைப்புகள்.

எனக்குள்ள உறுத்தல் மொழி பற்றியது. தாய்மொழியில் சொல்ல முடியாத ஆசைக்கு ஆங்கிலம் அடைக்கலம் தருவதுபோன்ற தொனி இப்பிரதியில் உண்டு. ஆனால் ஹாங்காங்கில் ஆண்களின் உறவைக் குற்றமாக்கிய சட்டமே ஆங்கிலத்தில் எழுதி வந்ததுதானே? இங்கிலாந்து 1967இல் தன் வீட்டில் தளர்த்தியதை அந்தக் காலனியில் 1991 வரை விட்டு வைத்தது. 2018இல் உச்சநீதிமன்றம் பல்லைப் பிடுங்கிய நமது 377ம் அதே வம்சம். சான் இதை அறியாதவரல்ல. சில கவிதைகளில் சீன எழுத்துகளை மொழிபெயர்க்காமலே நிறுத்தி, வெள்ளை வாசகரை வெளியே காக்கவைக்கிறார். தொகுப்பின் வலுவான பக்கங்கள் அவை.

அரண்மனையும் வேண்டாம், காலனியும் வேண்டாம் என்றால் வேறு சொல் எங்கே? 1989இல் ஹாங்காங்கில் எட்வர்ட் லாம் ஒரு திரைப்பட விழாவுக்காக 'தோங்ஷி' என்பதை எடுத்தார். தோழர் என்று பொருள். சுன் யாட்-சென்னும் கம்யூனிஸ்டுகளும் புழங்கிய அதே சொல். கலாச்சாரப் புரட்சியில் யாருக்கு அது மறுக்கப்பட்டதோ அவர் தொலைந்தார். அதையே தன்பாலீர்ப்பாளர்கள் தம் பெயராக்கிக்கொண்டார்கள். மேலே கோமகன் இல்லாத சொல் அது.

நாமும் தினமும் கூட்டங்களில் தோழர் என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். கூப்பிடும்போது யாரையெல்லாம் விட்டுவிடுகிறோம் என்று, இந்தக் கவிதைகளைப் படித்தபின்பாவது கணக்குப் பார்க்கலாம்.