தண்டியடிகள் நாட்டிய தறியும் கட்டிய கயிறும்

பெரியபுராணத்துள் வரும் அடியார் வரலாறுகளுள் தண்டியடிகள் நாயனார் புராணம் அளவிற் சிறியது. திருவாரூரிலே கண்ணொளியின்றிப் பிறந்த ஓரடியார் திருக்கோயிலின் மேற்பாலுள்ள குளத்தைக் கல்லப் புகுந்ததும், சமணர் அதனைத் தடுத்ததும், இறைவனருளால் அடிகள் கண்பெற, தடுத்தோர் கண்ணிழந்ததும் அதன் கதைச் சுருக்கமாம். யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் புராணபடனஞ் செய்வோரும் கேட்போரும் உள்ளங் குளிர நிற்பது இறுதியிற் கூறப்படும் அற்புதத்திலேயேயாகும். அவ்வற்புதத்துக்கு முன்னர்ச் சேக்கிழார் அமைத்த ஒரு காட்சி போதிய அளவு எண்ணப்படாது கழிகின்றது. அக்காட்சியே இப்புராணத்தின் உயிர்நிலை என்பது ஈண்டு ஆராயப்படும்.

கண்ணில்லாதவர் குளந்தோண்டுதல் எங்ஙனம்? இவ்வினாவைச் சேக்கிழார் அருள் என்ற ஒரு சொல்லால் மறைத்துவிடவில்லை. அடிகள் குழியிலே ஒரு தறியை நாட்டினார். கரையிலே மற்றொன்றை நாட்டினார். இரண்டையும் கயிற்றினாற் பிணித்தார். அக்கயிற்றைக் கையாற் றடவிச் சென்று மண்ணைத் தோண்டினார். அதனையே தடவி மீண்டு கரையிற் கொட்டினார். கருவியும் இடமும் செயலும் ஒழுங்குபடக் கூறப்பட்டிருக்கும் இப்பகுதி, தொழிலறிந்த ஒருவர் எழுதியது போன்று தெளிவாயுள்ளது. இங்கே நிகழ்ந்தது அற்புதமன்று, அறிவின் வினை. அடிகளின் கண்ணில் மாற்றம் நிகழவில்லை; நிலமே அவர் கைக்கு இசையுமாறு மாற்றப்பட்டது.

இதன் அருமை பிற நூல்களோடு ஒப்பிடுமிடத்து நன்கு புலனாகும். புறநானூற்றின் 28ஆம் பாட்டிலே உறையூர் முதுகண்ணன் சாத்தனார், காணாமை, கேளாமை, பேசாமை, கூன், குறள், அறிவு மயக்கம் முதலியவற்றை எட்டுவகை எச்சமாக எண்ணி, அவற்றைப் பயனற்ற பிறப்பெனச் சோழன் நலங்கிள்ளிக்கு எடுத்துரைக்கின்றார். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையிற் கூறப்படும் இலஞ்சி மன்றத்துப் பொய்கையோ, கூனரும் குறளரும் ஊமரும் செவிடரும் மூழ்கிக் குறை நீங்கிச் செல்லும் இடமாகும். முன்னது இரங்கி ஒதுக்குகின்றது. பின்னது குறையை நீக்கிய பின்னரே ஊருக்குள் அனுப்புகின்றது. குறையுடையார் குறையுடனேயே ஊர்ப்பணியிற் பங்குகொள்ளலாம் என்னும் மூன்றாவது நெறியைத் தறியுங் கயிறும் காட்டுகின்றன. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்திலுள்ள 618ஆம் குறள் இந்நெறிக்கு அண்மையில் நிற்பது. ஆண்டுப் ‘பொறி’ என்பதற்கு விதியெனப் பொருள்கொண்டார் பரிமேலழகர்; உறுப்பெனக் கொள்வாரும் உளர். உறுப்பெனக் கொள்ளின், குறை ஒருவர்க்கும் பழியன்று. அறிந்து முயலாமையே பழியென்பது பெறப்படும். தண்டியடிகள் வரலாறு இப்பொருளுக்குத் தகுந்த எடுத்துக்காட்டாகும்.

இனி, தடுத்தோர் செயலை நோக்குதல் வேண்டும். மண்ணைக் கல்லுதலாற் சிற்றுயிர்கள் மடியும் என்பது சமணர் கூறிய முதற்காரணம். கொல்லாமையை உயிராகக் கொண்ட சமயத்தார்க்கு அது பொருந்தாத கூற்றன்று. ஆயின் அடிகள் உடன்படாதவிடத்து அவர்கள் அவரது குறையையே எடுத்து இகழ்ந்தனர், கருவியைப் பறித்தனர், தறியையும் பிடுங்கி எறிந்தனர். அடிகளை அவர்கள் அடிக்கவில்லை. அவர் பணிசெய்தற்கு இருந்த வழியையே அழித்தனர். ஒருவரை ஊரினின்று விலக்குதற்கு அவரைத் துரத்தல் வேண்டுவதில்லை, அவர் பற்றி நடக்குங் கயிற்றை அறுத்தலே போதும் என்னும் உண்மையைச் சேக்கிழார் நுட்பமாகக் கண்டுள்ளார்.

புராணத்தின் முடிபு பற்றி ஒரு தடை நிகழ்தல் கூடும். முற்பகுதியிற் குருடு பணிக்குத் தடையன்று; பிற்பகுதியிலோ அது பகைவர்க்குரிய தண்டமாகின்றது. குழியென்று அறியாது விழுவோரைக் கண்டு கேட்போர் நகைக்கும்போது, அவையில் இருக்கும் விழிப்புலனற்ற ஒருவர் உள்ளம் யாதாகும்? இரு சமயங்கள் போரிட்ட காலத்து நிகழ்ச்சியை, வென்ற பக்கத்தார் வழிவந்த புலவர் 12ஆம் நூற்றாண்டிற் பாடினார் என்பதை உட்கொண்டு இப்பகுதியை மதித்தல் முறை. சபதம் பிழைத்த சுந்தரர் கண்ணிழந்ததும் இந்நூலுட் கூறப்படுகின்றது. ஆயின் தண்டியடிகளின் பிறவிக் குறைக்குச் சேக்கிழார் எப்பழியையும் காரணமாகக் கூறினாரல்லர் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. புறக்கண் இல்லாதிருந்தும் அகத்தால் இறைவனைக் கண்டவர் என்றே அவரை அறிமுகஞ் செய்கின்றார். ஆதலின் அடிகளின் பெருமை கண்பெற்ற பின் வந்ததன்று, கண்பெறுமுன்னரே நிறைந்திருந்தது.

இப்புராணத்தைப் பாடமாகக் கற்பிக்குங் கல்லூரிகள் அதனைத் தம் வாயிலிலும் பொருத்திப் பார்த்தல் தகும். இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறையொன்றையே காரணமாகக் கொண்டு கல்வி நிலையத்திற் சேர்க்க மறுத்தலைத் தடைசெய்துள்ளது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டம் வாயிலைத் திறக்கலாம். உள்ளே கயிறு கட்டுதல் ஆசிரியர் கடன். விழிப்புலனற்ற மாணாக்கர்க்குப் பிரெயில் நூல் ஒரு கயிறு. சக்கர நாற்காலியில் வருவோர்க்குச் சாய்தளம் ஒரு கயிறு. எழுத்துக்களைப் பிரித்தறிய இடர்ப்படும் மாணாக்கர்க்குப் பரீட்சையில் வழங்கும் மேலதிக நேரமும் அத்தகையதே.

ஆயினும் எல்லாக் கயிறுங் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓட்டிச நிலையுடைய பிள்ளைகள் பலர்க்கு வகுப்பறையின் இரைச்சலே தாங்கொணாத் துன்பமாகும். அன்றாட ஒழுங்கு திடீரென மாறுவது அச்சந்தரும். அன்றைய வேலைகளைப் படங்களால் முன்னரே காட்டுதலும், ஒதுங்கி அமைதியுற ஓரிடம் நல்குதலும் அவர்க்கு உதவுவன. இவற்றை அறியாதார் அப்பிள்ளைகளை அடங்காதவரென்றும் வளர்ப்புப் பிழையென்றும் பழிப்பர். ‘இவர்க்கு ஏற்ற பாடசாலை வேறுண்டு’ என்று இன்மொழி கூறி அனுப்புவாரும் உளர். சொல் இனியதாயினும், பிடுங்கப்படுவது தறியே. சிறப்புப் பாடசாலைகளின் தொண்டு பெரிது. அவற்றைக் காட்டித் தம் கடனைக் கழித்தல் சிறிது.

குருடரும் முடவருமாகிய இரட்டையர், ஒருவர் சுமக்க ஒருவர் வழிகாட்டச் சென்று, ஒருவர் தொடங்கிய பாட்டை மற்றவர் முடித்தனர் என்பது தமிழுலகம் போற்றும் வரலாறு. தண்டியடிகளுக்கோ குளக்கரையில் அத்தகைய துணைவர் ஒருவரேனும் இருந்ததாகப் புராணங் கூறவில்லை. தறியைத் தாமே நாட்டினார். கயிற்றைத் தாமே கட்டினார். திருவாரூரிற் கண்ணுடையார் பலர் இருந்தும், அக்கயிற்றின் ஒரு தலைப்பைப் பிடிக்க ஒருவரும் வந்திலர். சேக்கிழார் வாய்விட்டுக் கூறாத இக்குறை, அடிகளைப் போற்றும் ஒவ்வோர் ஊரையும் ஒவ்வொரு பாடசாலையையும் நோக்கிய வினாவாக நிற்கின்றது. கண்ணைக் கொடுத்தல் இறைவன் செயல். கயிற்றைப் பிடித்தல் மாந்தர் கடன் என்க.