நிழலும் நிலமும்

ஐரோப்பியர் 'ஒளியெழுத்து' என்று பொருள்படப் பெயரிட்ட கலையைத் தமிழர் நிழற்படம் என்றனர். நிழல் என்னும் சொல்லுக்குத் தமிழில் சாயல், எதிருரு, குளிர்ச்சி, அருள், புகலிடம் எனப் பொருள் பல உண்டு. ஆதலின், பல படங்களை வெட்டி இணைத்த ஒட்டுப்படத்தில் நிழலை எங்கே, எவ்வாறு இடுவது என்பது கணினி கற்றாரின் சிக்கல் மட்டுமன்று. பொருளுணர்ந்து தீர்க்கவேண்டிய கலைச்சிக்கலுமாகும்.

இக்கலை கணினிக்கு மிக முந்தியது. 1857ஆம் ஆண்டிலேயே ஆஸ்கர் ரெய்லாண்டர் என்பார் 30க்கு மேற்பட்ட எதிர்ப்படங்களை இணைத்து ஒரே காட்சியாக்கி மான்செஸ்டர் கண்காட்சியில் வைத்தார். தமிழ்க் குடும்பங்களிலும், வெவ்வேறு காலத்தில் எடுக்கப்பெற்ற தாய் தந்தையர் படங்களை நிழற்பட நிலையத்தார் ஒரே சட்டத்துள் அருகருகே அமர்த்தித் தருவது நெடுநாள் வழக்கம். கத்தரிக்கோலும் பசையும் தூரிகையும் செய்த அப்பணியை இன்று கணினி செய்கிறது. ஃபோட்டோஷாப் மென்பொருளில் 1994இல் அடுக்குகளும், 1998இல் அவ்வடுக்குகளுக்கு நிழல் தரும் ஆயத்த வசதியும் வந்தன. கைத்திறன் வேண்டியிருந்த நிழல் ஒரு சொடுக்கிற் கிடைத்தது. எளிதிற் கிடைப்பது எண்ணாமல் இடப்படும். குறை அங்கே தொடங்குகிறது.

ஒட்டுப்படத்தில் இடும் நிழல் இருவகைப்படும். முதலாவது, வெட்டிய படம் தாளினின்று சற்றே உயர்ந்து நிற்பதுபோல் அதன் விளிம்பிற் படரும் மெல்லிய கருமை. இதனைத் தாள்நிழல் எனலாம். இரண்டாவது, உருவத்தின் காலடியிலிருந்து தரையில் நீண்டு கிடப்பது. இது தரைநிழல். தாள்நிழல், "இது ஒட்டப்பெற்ற படம்" என்று ஒப்புக்கொள்கிறது. தரைநிழலோ, "இவர் இங்கே நின்றார்" என்று சான்றுரைக்கிறது. ஒன்று அணி, மற்றொன்று வாக்குமூலம்.

நளன் கதை கற்றார்க்கு இவ்வேறுபாடு விளங்கும். நளனுருக் கொண்டு நின்ற தேவரிடையே மெய்ந்நளனைத் தமயந்தி தெரிந்தெடுக்க உதவிய அடையாளங்களுள் நிழலும் ஒன்றென மகாபாரதம் கூறும். நளவெண்பா பாடிய புகழேந்தியார் கண்ணிமைத்தலையும், அடி நிலத்திற் படிதலையும், மாலை வாடுதலையும் கூறினார். நிழல் உடைமையும் அடி நிலந்தோய்தலும் வேறு வேறல்ல. பாதம் தரையைத் தொடும் இடத்திலேதான் நிழல் மிகக் கறுத்துக் குறுகிக் கிடக்கும். விலக விலக வெளிறும். ஒட்டுப்படம் செய்வோர் பலர் நீண்ட நிழலை வரைந்துவிட்டு இக்காலடிக் கருமையை மறப்பர். அதனால் உருவம் தேவர்போல் நிலந்தோயாது மிதக்கிறது.

ஒளியின் திசையும் நிலத்திற்கு நிலம் வேறாகும். மென்பொருள் தரும் ஆயத்த நிழலுக்குச் சுங்கை புரோங்கின் வெயில் தெரியாது. அவ்வூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ மூன்றரைப் பாகையில் உள்ளது. ஆண்டின் எந்நாளிலும் அங்கு உச்சிப்பொழுதின் நிழல் ஒருவர் உயரத்தில் ஏறத்தாழப் பாதியளவைத் தாண்டாது; மார்ச்சு இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் காலடியிலேயே ஒடுங்கிவிடும். திறந்த நெல்வயலில் நிழலின் ஓரம் கூர்மையாக விழும்; இரப்பர்க் காட்டின் இலைக்கூரையின்கீழ் அது சிதறி மங்கும். பால்வெட்டு, வெயில் ஏறுமுன் முடியும் தொழில். வைகறையில் மரத்தடியில் நின்ற பாட்டியாரின் உருவைப் பெயர்த்து, நண்பகல் வயல்வெளியில் நிறுத்தி, மாலை நிழலை நீட்டினால், ஒரே படத்தில் மூன்று பொழுதுகள் முரண்படும். அம்முரண் கண்ணை உறுத்துவதோடு அவருடைய உழைப்பின் பொழுதையும் அழித்துவிடும்.

வட சிலாங்கூரில் இது சிறு பிழையன்று. கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தெனமாரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கிற்று. பின்னாளில் இரப்பர் நின்ற நிலம் பலவற்றில் செம்பனை நின்றது. லயங்கள் பல மறைந்தன. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிற்று. மரமும் மனையும் ஊர்ப்பெயரும் மாறிய இடத்தில், பெட்டியடியிற் கிடக்கும் பழைய படம் வரலாற்றுச் சான்றாகிறது. அதில் பொய்ந்நிழல் சேர்த்தால், பேரப்பிள்ளை அதனையே உண்மையென நம்பும்.

எனினும், மறைந்த தந்தையை மகளின் மணக்கோலத்தருகே நிறுத்த விழையும் அன்பைப் பொய்யென்று தள்ளுதல் அறமாகாது. வீட்டுச் சுவருக்குரிய படத்தில் தரைநிழல் அமையட்டும். அதன் பின்புறத்தே எந்த உருவம் எவ்வாண்டு, எவ்விடத்தில் எடுக்கப்பெற்றது என்னும் குறிப்பு இருத்தல் வேண்டும். பள்ளி ஆண்டுமலர், தோட்ட வரலாற்று நூல் முதலியவற்றில் தாள்நிழலே தகும். வெட்டிய விளிம்பு தெரிவது அங்கு நேர்மை. மாணாக்கர்க்கு ஒட்டுப்படம் செய்யப் பயிற்றும் ஆசிரியர், முதலில் அவர்களைப் பள்ளித் திடலில் நிறுத்தித் தத்தம் நிழலை மூன்று பொழுதில் அளக்கச் செய்வாராக.

தீவினை செய்தாரை விடாது தொடரும் கேட்டிற்கு வள்ளுவர் காட்டிய உவமை, அடியை நீங்காத நிழல். இணைத்த படத்திலும், செய்தவர் கொண்ட எண்ணம் அவ்வுருவத்தின் காலடியிலேயே கிடக்கும்.