லோதி சாலையிலிருந்து வரும் அறிக்கை

தில்லிக்குக் கடல் இல்லை. ஆனால் வங்கக் கடலில் உருவாகும் ஒவ்வொரு புயலையும் பின்தொடர்ந்து எழுதுவது இங்கே, லோதி சாலையிலுள்ள இந்திய வானிலைத் துறையின் மௌசம் பவன்தான். நவம்பர், டிசம்பரில் அந்தப் புயல் அறிக்கைக்காக விழித்திருக்கும் தில்லித் தமிழர்களில் நானும் ஒருவன்.

அதன் நடை எனக்கு மிகவும் பிடிக்கும். துளி அலங்காரம் கிடையாது. மையம் எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகை. சென்னைக்கோ நாகப்பட்டினத்துக்கோ எத்தனை கிலோமீட்டர், எந்தத் திசையில். காற்றின் வேகம் என்ன, கடல் எவ்வளவு உயரும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எண்கள் மாறும். வரைபடத்தில் நாள் தள்ளத் தள்ள அகன்றுகொண்டே போகும் ஒரு கூம்பு: இதற்குள் எங்கேயும் வரலாம் என்று நேர்மையாகச் சொல்லும் கூம்பு.

கடைசியில் சேதப் பகுதி. கூரை வீடுகள் சிதையலாம், மண் சாலைகள் அரிக்கப்படலாம், வாழையும் பப்பாளியும் முறியலாம். அந்த 'வாழை' என்ற சொல்லில் எனக்கு முழு டெல்டாவும் தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, இங்கே குளிரில் உட்கார்ந்து அந்த வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். தென்னையும் போயிற்று.

வெறும் காகிதம் அல்ல அது. 1999 ஒடிசா பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் அதே கரையை பைலின் புயல் தாக்கியபோது, எச்சரிக்கை முன்கூட்டியே போனது. சுமார் 10 லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டார்கள். உயிரிழப்பு நூறைத் தொடவில்லை.