சிறிய டிக்கிக்கு ஏற்ற சப்வூஃபர் பெட்டி எது?

காரில் சப்வூஃபர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஸ்பீக்கரைத்தான் பார்க்கிறார்கள். பத்து அங்குலமா, பன்னிரண்டா, எத்தனை வாட், எந்தக் கம்பெனி என்றே பேச்சு ஓடுகிறது. அதை அடைக்கும் பெட்டியைப் பற்றிய நினைப்பு கடைசியில்தான் வருகிறது. கடையில் அடுக்கி வைத்திருப்பதில் டிக்கிக்குள் நுழைகிற ஒன்றை எடுத்துப் பொருத்திவிடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. தாழ்ந்த ஒலியில் ஸ்பீக்கர் பாதி, பெட்டி பாதி. இடம் குறைந்த டிக்கியிலோ பெட்டியை முதலில் முடிவு செய்து, அதற்கு ஒத்துவரும் ஸ்பீக்கரைப் பிறகு தேட வேண்டும்.

நம் ஊர் கார்களில் டிக்கி சிறுத்துப்போனதற்கு வரிக்கொள்கையும் ஒரு காரணம். 2006 மத்திய பட்ஜெட்டில், நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கி, பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசி தாண்டாத கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. அந்த எல்லைக்குள் வருவதற்காகவே செடான்களின் வால் வெட்டப்பட்டது. 2008-ல் வந்த முதல் டிசையருக்கு 440 லிட்டர் டிக்கி. 2012-ல் அதன் நீளத்தை 3995 மில்லிமீட்டராகக் குறுக்கியபோது டிக்கி 316 லிட்டரானது. 2017-ல் வந்த அடுத்த வடிவத்தில் 378. இதோடு சிஎன்ஜி உருளையும் சேர்ந்துவிட்டால் சூட்கேஸுக்கே இடம் தேட வேண்டும். டாடா 2023-ல் ஆல்ட்ரோஸில் 30 லிட்டர் உருளைகள் இரண்டை டிக்கித் தளத்துக்கு அடியில் வைத்துக் காட்டியது இந்தத் தவிப்பைப் புரிந்துகொண்டுதான். ஆக, நாம் எடைபோட வேண்டியது எந்தப் பெட்டி அதிகம் அதிரும் என்பதை அல்ல. ஊருக்குப் போகும்போது பெட்டி படுக்கைக்கும் இடம் விட்டு, பாட்டைப் பாட்டாகக் கேட்க வைப்பது எது என்பதைத்தான்.

இதில் தப்பிக்க முடியாத ஒரு விதி உண்டு. கேஎல்எச் ஒலிபெருக்கி நிறுவனத்தின் பெயரில் கடைசி எழுத்துக்கு உரியவரான ஜோசஃப் ஆன்டன் ஹாஃப்மன் பெயரால் அதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். மிகத் தாழ்ந்த ஒலி, சிறிய பெட்டி, குறைந்த மின்சாரத்தில் நிறைந்த சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும்; மூன்றாவதை விட்டே ஆக வேண்டும். எதை விடுவது என்பதில்தான் வடிவமைப்பே அடங்கியிருக்கிறது. டிக்கி சிறியது, அதில் பேரம் இல்லை. தாழ்ந்த ஒலியை விட்டால் சப்வூஃபரே வேண்டாம். மிச்சமிருப்பது மின்சாரச் சிக்கனம் ஒன்றுதான். ஆம்ப்ளிஃபையர்கள் வெப்பமாகவே பாதி மின்சாரத்தை வீணாக்கிய காலத்தில் அதை விடுவது கஷ்டம். இன்று டி வகுப்பு ஆம்ப் ஒன்று ஒரு புத்தகத்தின் அளவில் 500 வாட் தருகிறது. லிட்டர் கிடைக்காத இடத்தில் வாட் கிடைக்கிறது. என் தீர்ப்பு முழுவதும் இந்த ஒரு மாற்றத்தின் மேல்தான் நிற்கிறது.

போட்டியில் முக்கியமானவை இரண்டு: சுற்றிலும் காற்றுப் புகாமல் அடைத்த சீல்டு பெட்டி, குழாய் வைத்துத் திறந்துவிட்ட போர்ட்டட் பெட்டி. குழாய்ப் பெட்டிதான் மூத்தது. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932-ல் காப்புரிமை பெற்றது. மூடிய பெட்டியை ஒரு கொள்கையாக நிறுவியவர் எட்கர் வில்ச்சர். 1954-ல் அவருடைய ஏஆர்-1 ஒலிபெருக்கி வந்தபோது, அறையின் மூலையை அடைத்த பெரிய பெட்டிகள் செய்த வேலையைப் புத்தக அலமாரிக்குள் அடங்கும் பெட்டி செய்தது. அடைபட்ட காற்றையே அவர் ஸ்பிரிங்காக்கினார். வாயை விரலால் அடைத்த சைக்கிள் பம்பை அழுத்தினால் கைப்பிடி தானாகத் திரும்பி வருகிறதே, ஸ்பீக்கரின் கோனை அப்படித்தான் அந்தக் காற்று பிடித்து நிறுத்துகிறது.

இரண்டையும் கணக்கில் வைத்துப் பார்க்க வழி செய்தவர்கள் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும். 1961-ல் தீல் எழுதிய கட்டுரையும் எழுபதுகளில் ஸ்மால் எழுதியவையும்தான் இன்றும் ஸ்பீக்கரோடு வரும் தாளில் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்று நிற்கும் எண்களுக்கு மூலம். எஃப்எஸ் ஸ்பீக்கரின் இயல்பான அதிர்வெண். க்யூடிஎஸ் அது எவ்வளவு கட்டுப்பாட்டோடு அதிர்கிறது என்பதன் அளவு. விஏஎஸ் அதன் தொங்கலின் இறுக்கத்துக்குச் சமமான காற்றின் கொள்ளளவு.

பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றுக்கு எஃப்எஸ் 32 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 30 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூடிய பெட்டிக்குக் கணக்கு எளிது. விஏஎஸ்ஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதனால் மற்ற இரண்டு எண்களையும் பெருக்க வேண்டும். 20 லிட்டர் பெட்டியில் க்யூ 0.71 ஆகிறது, ஒத்ததிர்வு 51 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. 0.71 என்பது மேடு பள்ளம் இல்லாமல் சீராக இறங்கும் நிலை. பாடப்புத்தகங்கள் சிபாரிசு செய்வதும் அதையே. இடம் இல்லை என்று பெட்டியைப் பாதியாக்கி 10 லிட்டரில் அடைத்தால் என்ன ஆகும்? க்யூ 0.9, ஒத்ததிர்வு 64 ஹெர்ட்ஸ். சீரான கோட்டில் எழும் மேடு ஒரு டெசிபல்கூட இல்லை. 30 ஹெர்ட்ஸில் இழப்பது சுமார் 3 டெசிபல், 41 ஹெர்ட்ஸில் இரண்டுக்கும் குறைவு. 3 டெசிபலை மீட்க ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும். கோனின் வீச்சும் வாய்ஸ் காயிலின் சூடும் தாங்கும் வரை அதைச் செய்துவிடலாம். பெட்டி பாதியாகக் குறைந்தும் பாட்டு கெடவில்லை. இந்தப் பொறுமை மூடிய பெட்டிக்கு மட்டுமே உரியது.

இதே ஸ்பீக்கருக்குக் குழாய்ப் பெட்டி செய்வோம். 40 லிட்டர் பெட்டியை 32 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் 50 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். இடம் போதாமல் 25 லிட்டராகச் சுருக்கினால் குழாய் சுருங்காது. 85 சென்டிமீட்டராக நீளும். அந்தக் குழாயே ஆறரை லிட்டரை விழுங்கிவிடும்; அதை மடித்து வைக்கவும் இடம் தேட வேண்டும். குழாயின் விட்டத்தை 5 சென்டிமீட்டராக்கினால் நீளம் 19-க்கு இறங்கும்தான். ஆனால் வாயின் பரப்பு நாலில் ஒன்றாகி, காற்று நாலு மடங்கு வேகத்தில் போய், பேஸுக்குப் பதில் புஸ்ஸென்ற இரைச்சல் வரும். கடைகளில் கிடைக்கும் பல ரெடிமேடு பெட்டிகளில் இருப்பது இப்படிப்பட்ட குட்டைக் குழாய்தான். வெளியளவில் சிறிதாக இருக்க வேண்டும், ஓட்டையும் இருக்க வேண்டும் என்றால் ட்யூனிங் 45, 50 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. அந்த ஒரு சுருதியில் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி குமுறுகின்றன. இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு நடக்குமே, அதன் படிகள் அந்தப் பெட்டியில் கேட்பதில்லை. இடிப்பு மட்டும் கேட்கிறது. இதைச் சகித்துக்கொண்டு பணம் கொடுக்கிறோம் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

குழாய்ப் பெட்டியின் பலத்தையும் மறைக்கக் கூடாது. ட்யூன் செய்த அதிர்வெண்ணில் கோன் கிட்டத்தட்ட அசையாமல் நிற்க, குழாயே ஒலியைத் தருகிறது. அதனால் அந்தப் பகுதியில் அதே ஸ்பீக்கர் மூடிய பெட்டியைவிடக் கணிசமாக உரக்க ஒலிக்கும். 35 ஹெர்ட்ஸ் சிந்தசைசர் ஒலியே பாட்டின் உயிர் என்று கேட்பவருக்கு இது பெரிய லாபம். ஆனால் ட்யூனிங்குக்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்று செங்குத்தாக விழும். கோனுக்குப் பிடிமானமும் இருக்காது. மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் இல்லாத ஆம்ப்பில் ஸ்பீக்கர் கிழிவது இங்கேதான். மூடிய பெட்டியிலோ இறக்கம் 12 டெசிபல்தான்.

அந்த 12 என்ற எண்ணில்தான் காருக்கே உரிய ஒரு வரம் இருக்கிறது. வீட்டில் இது கிடைக்காது. ஒலியின் அரை அலைநீளம் காரின் உள்நீளத்தைவிடப் பெரிதானதும், உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் சப்வூஃபர் ஒரே வீச்சில் அழுத்தத் தொடங்குகிறது. உள்நீளம் இரண்டரை மீட்டர் என்றால் ஏறத்தாழ 69 ஹெர்ட்ஸிலிருந்து கீழ்நோக்கி ஒலி தானாக ஏறும். கோட்பாட்டின்படி ஏற்றம் ஆக்டேவுக்கு 12 டெசிபல். கதவும் தகரமும் விம்முவதாலும் இடுக்குகளில் காற்று கசிவதாலும் நிஜத்தில் அவ்வளவு வராது. பாதி வந்தாலே போதும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தியான 41 ஹெர்ட்ஸில் நம் 20 லிட்டர் பெட்டி இழக்கும் 5 டெசிபல் பெரும்பாலும் நிரம்பிவிடும். பெட்டி இறங்கும் சரிவும் கார் ஏற்றும் சரிவும் ஒன்றை ஒன்று ஈடுகட்டுகின்றன. குழாய்ப் பெட்டி வீட்டறையில் நேராக இருக்கும் ஒலியைக் காருக்குள் கொண்டுவந்து, அதன்மேல் இந்த ஏற்றமும் சேர, 30, 40 ஹெர்ட்ஸில் வீங்கிப் போகிறது. பிறகு அதை ஈக்வலைசரில் வெட்ட வேண்டியிருக்கிறது. இடத்தைக் கொடுத்து வாங்கியதை மறுபடி வெட்டி எறிவது வீண்.

செடானில் இந்த வரம் முழுதாகக் கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பின்சீட்டின் முதுகும் மேலேயுள்ள தகரத் தட்டும் டிக்கியைக் கேபினிலிருந்து பிரிக்கின்றன. ஹாட்ச்பேக்கில் நடுவே ஒரு தட்டுதான், அதனால் ஒலி எளிதாக வந்து சேர்கிறது. செடான்காரர்கள் கோனைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி, டிக்கிக் கதவுக்கு அருகில் பெட்டியை நிறுத்திப் பார்ப்பது நல்லது. டிக்கி மூடியிலும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலும் டேம்பிங் ஷீட் ஒட்டாமல் எந்தப் பெட்டியையும் குறை சொல்லக் கூடாது. பேஸ் சரியில்லை என்று வரும் புகாரில் கொஞ்சம் தகரத்தின் நடுக்கமும் கலந்திருக்கும்.

மற்ற போட்டியாளர்களை நீண்ட நேரம் எடைபோட வேண்டியதில்லை. இரண்டு அறை கொண்ட பேண்ட்பாஸ் பெட்டி மூடிய பெட்டியைவிட இடம் கேட்கும், செய்வதில் சிறு பிழையையும் மன்னிக்காது. டிக்கி முழுவதையும் பெட்டியாக்கி, பின்தட்டில் ஸ்பீக்கரைப் பதிக்கும் முறைக்கு லிட்டர் செலவே இல்லை. ஆனால் டிக்கியைக் கேபினிலிருந்து இடைவெளியில்லாமல் அடைக்க வேண்டும், அதற்கென்றே க்யூ அதிகமுள்ள ஸ்பீக்கரும் வேண்டும். ஸ்டெப்னி குழிக்குள் பெட்டி கட்டுவது கண்ணுக்கு அழகு. இரவில் நெடுஞ்சாலையில் டயர் வெடித்தால் அந்த அழகு உதவாது, ஆகவே அது வேண்டாம்.

சீட்டுக்கு அடியில் வைக்கும் எட்டு அங்குல ஸ்லிம் சப்வூஃபர் மட்டும் மதிப்போடு பேசத் தக்கது. டிக்கியைத் தொடாது, ஆம்ப்பும் உள்ளேயே இருக்கும். அதன் எல்லை காற்றைத் தள்ளும் அளவில் இருக்கிறது. கோன் பரப்பு 220 சதுர சென்டிமீட்டர், வீச்சு 6 மில்லிமீட்டர் என்றால் தள்ளுவது 132 கன சென்டிமீட்டர். 340 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 12 மில்லிமீட்டர் வீச்சும் உள்ள பத்து அங்குலம் 408 தள்ளும். ஆழ்ந்த ஒலியில் இந்த வித்தியாசம் 10 டெசிபல். மிதமான சத்தத்தில் கேட்பவருக்கும், சிஎன்ஜி உருளை டிக்கியை முழுக்க எடுத்துக்கொண்டவருக்கும் இதுவே சரியான தேர்வு. மற்றவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இனி இடக் கணக்கு. 20 லிட்டர் மூடிய பெட்டிக்கு, ஸ்பீக்கரின் உடல் பிடிக்கும் ஒன்றரை லிட்டரையும் 18 மில்லிமீட்டர் பலகையையும் சேர்த்தால் வெளியளவு சுமார் 31 லிட்டர். 40 லிட்டர் குழாய்ப் பெட்டிக்கு 60 தாண்டும். மூடிய பெட்டிக்கு உள்ளே எந்த வடிவமும் பொருட்டில்லை. சக்கர வளைவுக்குப் பக்கத்தில் வீணாகக் கிடக்கும் மூலையை ஃபைபரில் அச்செடுத்துக் கட்டலாம்; பின்சீட்டின் சாய்வுக்கு இணையாக ஒல்லியாக நிறுத்தலாம். குழாய் உள்ள பெட்டியில் குழாயின் வாய்க்கு எதிரே இடைவெளி வேண்டும் என்பதால் இந்தச் சுதந்திரம் இல்லை. உள்ளே பாலியெஸ்டர் தலையணைப் பஞ்சை அமுக்காமல் தளர்வாக நிரப்பினால் பெட்டி கொஞ்சம் பெரிதானதுபோல் நடந்துகொள்ளும்.

பலகைக்கு எம்டிஎஃப் எல்லோரும் சொல்வது. வெட்டச் சுலபம், விலை குறைவு. ஆனால் நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றிலும் மழைக்காலத்தில் ஒழுகும் டிக்கியிலும் அதன் ஓரம் ஊறி உப்பிவிடும். ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டுக்குக் கூடுதலாகச் செலவழிப்பது நியாயமே. மூட்டுகளில் பூசும் சிலிகான் முழுக்கக் காய்ந்த பிறகே ஸ்பீக்கரைப் பொருத்த வேண்டும்.

என் தீர்ப்பு இது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் காருக்கு, விஏஎஸ் குறைந்த ஒரு பத்து அங்குல ஸ்பீக்கரும், அதன் தாளைப் பார்த்து 15 முதல் 20 லிட்டருக்குள் தச்சரிடம் சொல்லிச் செய்த மூடிய பெட்டியும், சற்றுத் தாராளமான ஆம்ப்பும். 60 லிட்டரை மனமுவந்து கொடுக்கக்கூடியவரும் சத்தமே முதன்மை என்பவரும் குழாய்ப் பெட்டிக்குப் போகலாம், அதையும் அளவு கொடுத்துச் செய்து வாங்கினால் மட்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், அந்த மூன்று எண்கள் உள்ள தாளைக் காட்டாமல் விற்கிறவரிடம் ஸ்பீக்கர் வாங்காதீர்கள். ஸ்பீக்கரோடு சேர்ந்து 15 கிலோ வரும் பெட்டி, வேகத்தில் மோதினால் பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளின் முதுகில்தான் வந்து விழும். தளத்துக்கு அடியில் பெட்ரோல் டேங்கோ கேஸ் குழாயோ போகிறதா என்று பார்த்து, சிஎன்ஜி வால்வுக்குக் கை எட்டும்படி விட்டு, பெட்டியைப் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே வண்டியைக் கடையிலிருந்து எடுங்கள்.