ஆடற்கலையும் நிழற்படமும்

நடனம் நிகழுங்கால் உளதாய், முடிந்தவுடன் இலதாய்ப் போகுங் கலை. அதனை அசையாப் படத்தில் அகப்படுத்த முயல்வோர் எக்கணத்தைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் வினாவிற்கு விடை கண்டே ஆகல் வேண்டும். அமெரிக்க நவீன நடனத்தின் முன்னோடிகளுள் ஒருவரான மார்த்தா கிரஹாமை 1935 முதலாகப் படம்பிடித்த பார்பரா மோர்கன் அம்மையார் இதற்குக் கண்ட விடை ஆராயத்தக்கது.

ஆடல் நடக்கும் அரங்கிற் கிடைத்ததைக் கமராவால் அள்ளிக்கொள்ள அவர் விரும்பினாரல்லர். முதலில் வெறுங்கண்ணாற் பலமுறை பார்த்தார். பின்னர் எந்நிலைகள் நினைவில் மீண்டும் மீண்டும் எழுந்தனவோ, அவையே அந்நடனத்தின் உயிர்நிலைகள் எனத் தேர்ந்தார். அவற்றைத் தமது படப்பிடிப்பறையிலே, தாமே அமைத்த ஒளியில், மீள ஆடச்செய்து படமெடுத்தார். 1941 இல் 16 நடனங்களின் படங்கள் நூலாக வெளிவந்தன.

அரங்கிற் பிடியாத படம் ஆடலின் படமாகுமோ எனின், ஐயம் நியாயமானதே. ஆயினும் அரங்கின் ஒளி அவையோர் கண்ணுக்கென அமைந்தது. அம்மங்கலொளியில் விரைந்தசையும் அங்கம் அக்காலப் படச்சுருளிற் புகைபோலவே பதியும். அன்றியும், கிரஹாம் அங்கே சிலைபோல் நின்று காட்டவில்லை, ஆடினார். தேர்வு செய்தது கமராவன்று, பார்த்தவரின் நினைவு. மோர்கனின் பெருமையும் இதுவே, குறையும் இதுவே.

1930 இல் முதன்முதல் ஆடப்பட்ட 'புலம்பல்' என்னும் நடனத்தை நோக்குக. ஆடுபவர் ஓர் இருக்கையில் அமர்ந்து, நீளும் இயல்புள்ள குழல்போன்ற ஊதாத் துணிக்குள் அடங்கியிருக்கிறார். முகமும் கைகளும் பாதங்களுமே வெளித்தெரிவன. உள்ளிருந்து உடல் தள்ளத் துணி இழுபட்டுக் கூர்மையான மடிப்புகளாகின்றது. துயரத்தின் மெய்ப்பாடு முகத்திலன்று, துணியின் இழுவிசையிலே புலனாகின்றது. இடம்பெயராத ஆடலாதலின் அசையாப் படம் இங்கே இழப்பது சிறிது.

1940 இல் பெனிங்டனில் அரங்கேறிய 'உலகிற்கு ஒரு கடிதம்' அத்தகையதன்று. கவிஞர் எமிலி டிக்கின்சனை அதில் இருவர் தாங்குகின்றனர்: ஒருவர் ஆட, மற்றவர் கவியடிகளைப் பேசுகிறார். அந்நடனத்தினின்று மோர்கன் எடுத்த படமே உலகறிந்தது. உடல் முன்னே வளைந்து நிலத்திற்குச் சமாந்தரமாகக் கிடக்கிறது. ஒரு கை நெற்றியை அணுகுகின்றது. பின்னெழுந்த காலுடன் நீண்ட பாவாடை பெருவளைவாய் மேலே சுழல்கின்றது. அழகில் இதற்கு நிகரான நடனப்படம் அரிது. ஆனால், பேசிய குரல் எங்கே? ஆடுபவரும் பேசுபவரும் பிரிந்து நின்றதன்றோ அந்நாடகத்தின் நாடி! படத்தில் ஒருவரே எஞ்ச, அகப்போராட்டம் ஆடையின் எழிலாய் மாறிவிட்டது. புகழ் இப்படத்திற்கும், உண்மை 'புலம்ப'லின் படங்களுக்கும் உரியன எனல் பொருந்தும்.

இது சுவை பற்றிய வழக்கு மட்டுமன்று. 1935 இல் கிரஹாம் ஆடிய 'இம்பீரியல் ஜெஸ்ச்சர்' என்னும் தனிநடனம் பின்னர் மறைந்தொழிந்தது. கிம் ஜோன்ஸ் 2013 இல் அதனை மீட்டமைத்தபோது மோர்கனின் படங்களே அவருக்குப் பெருந்துணையாயின. அவை இல்லையேல் அந்நடனத்தின் உருவே தெரியாது. ஆயின் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்திற்கு உடல் எவ்வழியாய், எவ்விரைவிற் சென்றது என்பதைப் படங்கள் கூறவில்லை. அவ்விடைவெளியைப் புதிதாக ஆடியே நிரப்பவேண்டியிருந்தது.