கட்டளை வரியின் சம்பிரதாயங்கள்

மிருதங்கத்தில் தஞ்சாவூர்ப் பாணி, புதுக்கோட்டைப் பாணி என்று பேதம் கண்டு ரசிக்கும் காவிரிக்கரை வாசகர்களுக்கு, சி மொழியில் நிரல் எழுதுவோர் கட்டளை வரியில் வரும் சொற்களைப் பகுத்துக்கொள்ளும் காரியத்திலும் பாணிகளும் பிரமாணங்களும் உண்டென்பது விசித்திரமாகத் தோன்றாது.

மூலம் எல்லோருக்கும் ஒன்றே. மெயின் என்னும் சார்பு, வந்த சொற்களின் எண்ணிக்கையை ஆர்க்சியாகவும் அவற்றின் வரிசையை ஆர்க்வியாகவும் பெறுகிறது. கெர்னிகனும் ரிச்சியும் 1978-இல் வெளியிட்ட சி மொழி நூல், கோட்டுக்குப் பின்வரும் விருப்ப எழுத்துகளைக் கையாலேயே பிரிக்கக் கற்பித்தது. அவரவர் போக்கில் பிரித்தமையால் டார் என்னும் கட்டளை கோடில்லாமலும், டிடி என்னும் கட்டளை சமக்குறியோடும் பழகின. 1985-இல் ஏடி அண்டு டி நிறுவனம் விருப்பங்களைப் பிரித்துத் தரும் கெட்டாப்ட் சார்பின் மூலத்தைப் பொதுவில் வழங்கியபின் ஒரு நியமம் வேரூன்றியது. பாசிக்ஸ் தரம் அதையே பிரமாணமாக்கி, விருப்பங்கள் ஓரெழுத்தாக முதலில் வரவேண்டும், தனித்து நிற்கும் இரட்டைக் கோடு வந்தால் அதோடு அவை முடியவேண்டும் என்று விதித்தது. கோட்டில் தொடங்கும் பெயருடைய கோப்பை விருப்பமென்று மயங்காமல் காப்பது இவ்விரட்டைக் கோடுதான். இதை மதியாத நிரலை நான் முழுமையானதென்று ஒப்பமாட்டேன்.

குனு திட்டத்தின் பாணியோ நீண்ட பெயர்களை ஏற்று, ஐயத்துக்கு இடமில்லாதபோது அவற்றின் முற்பகுதியே போதுமென்று தாராளம் காட்டுகிறது. விருப்பங்கள் கோப்புப் பெயர்களுக்குப் பின்னால் வந்தாலும் இடம் மாற்றிச் சேர்த்துக்கொள்கிறது. இந்த இடமாற்றம் மனிதர் தட்டச்சிடுவதற்கு அனுகூலமே. எழுதிவைத்த கட்டளைத் தொடருக்குப் பாசிக்ஸின் கண்டிப்பே மேல் என்பது என் அபிப்பிராயம்.

தமிழுக்கு வாசல் திறப்பது குனு பாணியே. யூடிஎஃப்-8 முறையில் 'க' மூன்று பைட்டுகளாதலால், ஒரு விருப்பத்துக்கு ஒரு பைட்டையே எண்ணும் குனு கெட்டாப்டில் அது ஓரெழுத்து விருப்பமாகாது. ஆனால் நெல் சாகுபடிக் கணக்கு நிரலொன்றில் குறுவை, சம்பா, தாளடி என்று நீண்ட பெயர்கள் வைத்தால், நீண்ட பெயர்களுக்கான குனு சார்பாகிய கெட்டாப்ட் லாங் அவற்றைத் தடையின்றி ஏற்கும். இரட்டைக் கோட்டுக்குப் பின் 'க' என்று மட்டும் தட்டினாலும் குறுவையே கிட்டும். உகரக் குறி ககரத்துக்குப் பின்னரே பதிவாகிறது அல்லவா! கோடை நெல்லையும் சேர்த்தால் இந்தச் சுருக்கம் இரண்டுக்கும் பொதுவாகிப் பிழையாகும். மேலும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றான அவ்விரண்டும் பைட்டு ஒப்பீட்டில் வேறாதலால், ஆர்க்வியை கெட்டாப்ட் லாங்கிடம் ஒப்படைக்குமுன் சொற்களை ஒரே வடிவுக்குக் கொணர்வது நிரல் எழுதுபவரின் பொறுப்பு.