துணிக்கு அடியில்தான் நாற்காலி

பழைய நாற்காலிக்கு விலை பேசும் முன் அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மேல்துணி போன மாதம் மாற்றியதாக இருக்கலாம். அடிப்பக்கத்தில்தான் விஷயம் தெரியும். 1950களில் இத்தாலியில் செய்த கைவைத்த நாற்காலிகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அவற்றின் அருமை முழுக்க உள்ளேதான்.

மிலான் கட்டடக் கலைஞர் மார்கோ சனுசோ வடிவமைத்த 'லேடி'யை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் மெத்தை நாற்காலி என்றால் கனத்த மரச்சட்டம், கம்பிச் சுருள், குதிரைமுடித் திணிப்பு. போருக்குப் பிறகு பிரெல்லி டயர் கம்பெனி தன்னிடமிருந்த ரப்பர் நுரையை வைத்து என்ன செய்யலாம் என்று பார்க்க, 1948இல் சனுசோவை அழைத்தது. சுருள் இருந்த இடத்தில் ரப்பரும் துணியும் சேர்ந்த இழுவைப் பட்டி வந்தது. குதிரைமுடி இருந்த இடத்தில் நுரை. முதுகு, இருக்கை, இரண்டு கை என நான்கையும் தனித்தனியே துணி போர்த்தி முடித்து, பிறகு பூட்டினார்கள். அதனால்தான் அந்தக் கைகள் அவரைக்கொட்டை மாதிரி அவ்வளவு சுத்தமாக வளைந்திருக்கின்றன. ஆர்ஃப்ளெக்ஸ் கம்பெனி தயாரித்த இந்த நாற்காலிக்கு 1951 மிலான் திரியென்னாலே கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது.

ஆனால் ரப்பருக்கு ஆயுள் உண்டு. நாளானால் நுரை பழுப்பேறி, மேலே மொரமொரவென்றாகி, அழுத்தினால் மாவாக உதிரும். பட்டி இழுவை போய்த் தொங்கும். அந்தக் காலத்து நாற்காலி இன்று உட்காரும் நிலையில் இருந்தால், பெரும்பாலும் யாரோ ஒருவர் அதைப் பிரித்துத் தைத்திருக்கிறார் என்று அர்த்தம். 'ஒரிஜினல் துணி' என்று சிலாகிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஒரிஜினல் துணிக்குள் ஒரிஜினல் மாவு!

காசினா கம்பெனி இப்போது 'லேடி'யைப் புதிதாகவே செய்து விற்கிறது. வசதி இருப்பவர்கள் வாங்கட்டும். பழையதைப் பிரித்துப் பார்க்கிற ருசி அதில் கிடைக்காது.

பிரிப்பதற்கு உளுந்தூர்பேட்டை ஒன்றும் பொருந்தாத ஊர் இல்லை. திருச்சி சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் இடம். லாரியும் பஸ்ஸும் ஓயாத ஊர். மிலானில் டயர் கம்பெனிக்காரர்கள் தொடங்கிவைத்த வேலையை இப்படிப்பட்ட ஊரில் வண்டி சீட் தைக்கிறவர் தொடர்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

நல்ல குஷன் மிஸ்திரி துணியை இழுத்து அடிக்கிற விதத்தைப் பாருங்கள். மூலையில் ஆரம்பிக்கவே மாட்டார். நான்கு பக்கமும் நடுமத்தியில் ஒவ்வொரு பின். பிறகு உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக்கொண்டே, இந்தப் பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று என்று அடித்துப் போவார். மூலை கடைசியில்தான். உள்வளைவு வரும் இடத்தில், தையலுக்கு வெளியே விட்ட துணியில் கத்தரியால் சின்னச் சின்னதாக வெட்டு கொடுப்பார். கொடுக்காவிட்டால் துணி விறைத்துக்கொண்டு சுருக்கம் விழும். வெட்டு தையலைத் தொட்டுவிட்டால் அந்தத் துண்டே வீண். பஸ் சீட் தைத்துத் தைத்துப் பழகிய கைக்கு அந்த நூலிழைக் கணக்கு தெரியும்.

சண்டை வருவது ஃபோமில். புஸ்ஸென்று உப்பிய குஷனைத்தான் நம் வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். கடைக்காரரும் அப்படியே வைத்துப் பழகிவிட்டார். இந்த நாற்காலிக்கு அது ஆகாது. இருக்கைக்கு 40 டென்சிட்டி, முதுகுக்கு அதைவிட இளகியது, கைக்கு மெல்லிய தகடு. ஓர் அங்குலம் கூடினாலும் வளைவு செத்துவிடும். அடியில் தென்னைநார் ஷீட் வைக்கிறேன் என்பார், விடாதீர்கள். அசைந்து கொடுப்பதற்காகவே போட்ட பட்டியை நார் முடக்கிவிடும்.

துணி? ரெக்ஸின் வேண்டவே வேண்டாம். உட்கார்ந்தால் வியர்க்கும், வளைவில் மடிந்து நிற்கும். கம்பளித் துணி இத்தாலியக் குளிருக்குச் சரி. உளுந்தூர்பேட்டையின் மே மாதத்தில் அதில் யார் உட்காருவது? கரூரில் கிடைக்கும் கனமான பருத்தித் துணி போதும், அதுவும் ஒற்றை நிறத்தில். பவானி ஜமுக்காளக் கோடு ஆசை காட்டும். நான்கு துண்டிலும் கோடு நேராகச் சேராது. சேராவிட்டால் கண்ணை உறுத்தும்.

சட்டத்தில் மூட்டு ஆடினால் தச்சரிடம் காட்டி மூட்டை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள். கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அந்தக் கைகளின் பெருமை பெரிது. அதற்காக இந்த நாற்காலியில் யாளி செதுக்கிவிடாதீர்கள்.

வேலை முடிந்ததும் பிரித்த பழைய துணியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு வெட்டு அளவு. அடுத்த முறை பிரிக்கிறவருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.